அட்டவணையில் ஓர் அண்ணன்

ஆராய்ச்சிக் கூடத்தில் அவனை எல்லோரும் 'வடிகட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். செய்கிற வேலை அப்படி. ஆயிரத்து அறுநூறு பேருடைய மரபணு விவரங்கள் அவன் கணினிக்குள் வந்து குவியும். அதில் உடைந்தது, கலந்தது, இரண்டு தரம் வந்தது எல்லாவற்றையும் சலித்து எடுத்துவிட்டு மிச்சத்தைக் கணக்குக்குக் கொடுப்பது அவன் பொறுப்பு. ஒரே எச்.ஐ.வி. கிருமிதான், அது ஏறிய ஒருவர் மருந்தே இல்லாமல் பத்து வருஷம் தெம்பாக நடமாடுகிறார், இன்னொருவர் இரண்டே வருஷத்தில் படுத்துவிடுகிறார். பிறவியிலேயே வந்த மரபணுவுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதுதான் அந்தக் குழு ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

அவன் மனைவிக்கு அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே வேலை. ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிற பகுதி. எந்நேரமும் ஐஸ் பெட்டியும் கையுமாகத் திரிவதால் அவளுக்கு 'ஐஸ் அக்கா' என்று பெயர். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டபோது, "ஐஸை வடிகட்டியில வச்சா என்ன மிஞ்சும்?" என்று கூடமே சிரித்தது.

அவர்கள் பழகியதே ஒரு ரத்தப் பரிசோதனை வரிசையில்தான். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். தொடக்கத்தில் ஆள் போதவில்லை. ஊழியர்கள் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். ஆறாவதாக நின்ற அவன் ஊசியைப் பார்த்ததும் கண் இருட்டிச் சாய்ந்தான். ஏழாவதாக நின்றவள் முதுகைத் தாங்கிப் பிடித்து, "சார், ஒரு டியூப்தான் கேட்டாங்க. உயிரைக் கேக்கலை" என்றாள். யாருக்கு எந்த எண் என்பது யாருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. பன்னிரண்டு பேருக்கும் தெரியும். அந்தச் சின்ன விதிமீறலை அன்றைக்கு எல்லோருமே வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அவளுக்குச் சொந்தம் என்று யாரும் மிச்சமில்லை. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா போய் மூன்று வருஷம். ஒரே அண்ணன், ஆறு வயது மூத்தவன், ஒன்பது வருஷத்துக்கு முன் அப்பாவோடு ஏதோ பெரிய சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். என்ன சண்டை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் கல்லூரியிலிருந்து வந்தபோது அவன் பையோடு வாசலில் நின்றான். "இந்த மனுஷன் இருக்கிற வரைக்கும் இந்தப் படி ஏற மாட்டேன். நீ நல்லா படி" என்று அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனான். அப்பா இறந்தபோது தெரிந்த நண்பர்கள் எல்லோரிடமும் விசாரித்தாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கட்டிய கணவனிடம் அவள் பேசிய பேச்சில் பாதி அந்த அண்ணனைப் பற்றித்தான். அவன் இருந்தால் கல்யாணத்தில் இவனை என்ன பாடு படுத்தியிருப்பான் என்று அவளாகவே கற்பனை செய்து, அவளாகவே சிரித்துக்கொள்வாள்.

ஒரு மாதம் ஒன்பதாம் தேதி, காலை பத்தரை மணிக்கு, வடிகட்டியில் அந்த அண்ணன் சிக்கினான்.

கடந்த இரண்டு வருஷத்தில் சேர்ந்தவர்களின் விவரங்களை எல்லாம் பழையவற்றோடு கலந்து, உறவுச் சோதனையை அவள் கணவன் ஓட்டியிருந்தான். இரண்டு பேர் நெருங்கிய சொந்தமாக இருந்தால் கணக்குக் கோணிவிடும். அதனால் அப்படி ஒரு ஜோடி அகப்பட்டால் ஒருவரை நீக்க வேண்டும். வழக்கமாக இரண்டோ மூன்றோ ஜோடிகள் வரும். அன்றைக்கு வந்த மூன்றில் மூன்றாவது ஜோடி: நோயாளி ஒருவரும், ஊழியர் வரிசையில் ஏழாம் எண்ணும்.

அவன் திரும்பவும் ஓட்டினான். அதேதான் வந்தது. பெற்றவரும் பிள்ளையும் என்றால் எல்லா இடத்திலும் சரிபாதி ஒத்துப்போகும். இது அப்படி இல்லை. சில இடங்களில் முழுசாக ஒத்துப்போனது, சில இடங்களில் துளிகூட இல்லை, சண்டை போட்டுப் பிரித்துக்கொண்ட சொத்து மாதிரி. கூடப் பிறந்தவர்கள் மட்டும்தான் அப்படி இருப்பார்கள். நோயாளியின் வரியைத் திறந்தான். ஆண். வயது முப்பத்தெட்டு. இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளியிருக்கும் சிகிச்சை மையம். சேர்ந்து ஒன்றரை வருஷம். அடுத்த வருகை, இதே மாதம் பதினெட்டு.

நாற்காலி கீழே இறங்கிப் போவது போல இருந்தது அவனுக்கு. ஒன்பது வருஷமாக எங்கே எங்கே என்று அவள் தேடும் ஆள் அவன் திரையில் ஒரு வரியாகப் படுத்திருந்தான்.

நேரே குழுத் தலைவியான டாக்டரம்மாவிடம் போனான். அவர் கதவைச் சாத்திவிட்டு முழுவதும் கேட்டார். பிறகு அந்த நோயாளி எண்ணின் சம்மதப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். 'ஆராய்ச்சியில் தெரியவருவது எதையாவது உங்களுக்குத் தெரிவிக்க உங்களைத் தொடர்புகொள்ளலாமா?' என்ற கேள்விக்கு நேராக 'வேண்டாம்' என்ற கட்டத்தில் பேனா அழுத்தமாகப் பதிந்திருந்தது.

"அவர் பதினெட்டாம் தேதி வர்றார் டாக்டரம்மா. அவங்க அப்பா செத்துட்டார்னு ஒரு வார்த்தை யாராவது சொன்னா போதும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவர் வீட்டுப் பக்கமே வரலை."

"யாரு சொல்றது? நீங்க இன்னாரோட மகன்னு எங்களுக்குத் தெரியும்னு சொல்லாம, உங்கப்பா செத்துட்டார்னு எப்படிப்பா சொல்ல முடியும்?"

"மையத்துல ஆலோசனை சொல்ற கவுன்சிலர் அக்காவை விட்டு..."

"தம்பி, உட்காருங்க." டாக்டரம்மாவின் குரல் தணிந்தது. "இந்த ஒருத்தர் உங்க வீட்டு ஆள். புரியுது. மீதி ஆயிரத்துச் சொச்சம் பேரும் யாரோ ஒருத்தர் வீட்டு ஆள்தான். அண்ணனுக்குத் தெரியாம, பெண்டாட்டிக்குத் தெரியாம, நம்மளை நம்பித்தான் கையை நீட்டறாங்க. ஒருத்தர் விஷயம் வெளிய போச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கு மையத்துல ஒருத்தர் உட்கார மாட்டாங்க. மருந்துக்குக்கூட வர மாட்டாங்க. நான் நெறிமுறைக் குழுவுல வைக்கறேன். அடுத்த மாசம் கூடறாங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க. வீட்லயும்தான்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அதனாலேயே அது அவனுக்கு வலித்தது.

நோயாளிகளின் விவரம் கிடைப்பது அரிது. அதனால் அப்படிப்பட்ட ஜோடிகளில் ஊழியரைத்தான் நீக்குவது வழக்கம். ஏழாம் எண்ணை நீக்கினான். ஒரு சாவியை அழுத்துகிற வேலை. விரல் அவ்வளவு நேரம் காற்றில் நின்றதில்லை.

பதினெட்டாம் தேதி வந்தது. மதியம் மூன்று மணிக்கு, படிக்கட்டுத் திருப்பத்தில் அவள் எதிரே வந்தாள், நெஞ்சோடு அணைத்த ஐஸ் பெட்டியுடன். சிகிச்சை மையத்திலிருந்து அப்போதுதான் வந்த பெட்டி.

"இருபத்திரெண்டு டியூப். லிப்ட் வேற வேலை செய்யலை, இடுப்பு ஒடியுது. என்ன பார்த்துட்டே நிக்கறீங்க? ஒரு நல்ல மனுஷன் பெட்டியை வாங்குவான்."

வாங்கினான். பாரமே இல்லை. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினான்.

"பூ மாதிரி தூக்கறீங்களே, அதுல என்ன குழந்தையா தூங்குது?" என்று பின்னாலிருந்து கிண்டல் செய்தாள்.

அவன் படியை மட்டும் பார்த்து நடந்தான். அப்போதே அவளிடம் சொல்லியிருந்தால், பஸ் பிடித்து அவள் போய்ச் சேருவதற்குள் அண்ணன் மையத்தை விட்டுக் கிளம்பியிருப்பானோ, மாட்டானோ. அன்றிலிருந்து அந்தக் கணக்கை அவன் எத்தனை தரமோ போட்டுப் பார்த்துவிட்டான்.

மாதக் கடைசியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. மறுபரிசோதனைக்கு எடுக்க வேண்டிய எண்களின் பட்டியல் அவள் மேசைக்கு வந்தது. ஊழியர் வரிசையில் ஆறுக்கு அடுத்து எட்டு இருந்தது.

மறுநாள் காலை வீட்டில் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் சமையலறை வாசலில் இருந்தே கேட்டாள், "என்ன சார், கட்டின பெண்டாட்டியைக் கழிச்சுக் கட்டிட்டீங்களாமே?"

"என்னது?"

"ஏழாம் நம்பர். எங்க காணோம்?"

"அதுவா... தரம் போதலைம்மா."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டான். எந்தப் பொய்யை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அதை மட்டும் சொல்லியிருக்கக் கூடாது.

"தரமா? என் டியூப்லயா?" கரண்டியோடு வந்து எதிரே நின்றாள். "நானே பிரிச்சு எடுத்தது. அளவு எடுத்துக் கையால எழுதி வச்சிருக்கேன். அன்னிக்கு வந்த பன்னிரண்டுல சுத்தமானது அதுதான். உங்களுது ஒண்ணுதான் ரெண்டாந்தரம், பயத்துல ரத்தம்கூட ஒழுங்கா வரலை. என் வேலையில தரம் இல்லைன்னு வீட்ல வந்து சொல்ற அளவுக்கு ஆகிடுச்சா?"

"இயந்திரம் அப்படிச் சொல்லுது, நான் என்ன..."

"எனக்கே பாடம் எடுக்காதீங்க. ஒரு நம்பரை எதுக்குத் தூக்குவாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஒண்ணு, தரம். அது இல்லை. ரெண்டு, படிவத்துல பொம்பளைன்னு போட்டு டியூப்ல ஆம்பளை இருந்தா." கரண்டியை இடுப்பில் ஊன்றிச் சிரித்தாள். "நான் ஆம்பளையான்னு நீங்கதான் சொல்லணும். மூணு, சொந்தக்காரங்க யாராவது..."

சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வருஷமாகப் பார்த்துப் பழகிய முகம். அதில் எழுதியிருந்ததைப் படிக்க அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"எனக்கு ஒரே ஒருத்தன்தான் இருக்கான்" என்றாள், மெதுவாக.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதலில் கேட்டது, "உயிரோட இருக்கானா?" என்றுதான். பிறகு, "அவனுக்கு அந்த நோயா?" அடுப்பில் எதுவோ தீய்ந்தது. அவன் போய் அணைத்துவிட்டு வந்தான்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"இந்த மாசம்."

தேதியை அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"அப்பா போயிட்டார்னு அவனுக்குச் சொல்லணும்ங்க. அது ஒண்ணுதான். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கறேன், நான் நேர்ல போக மாட்டேன், பார்க்க மாட்டேன். அது மட்டும் அவன் காதுல விழுந்தா போதும், தானா வந்துடுவான்."

டாக்டரம்மாவின் எதிரிலும் அவள் இதையேதான் சொன்னாள். அவர் எழுந்து வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் அண்ணனுடைய எண்ணைச் சொல்லவில்லை. அடுத்த மாதம் நெறிமுறைக் குழு கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. இனி வருகிற எல்லோருக்கும், ஒருவர் விடாமல், ஒரு புதுப் படிவம்: 'உங்கள் உறவினர் யாராவது இந்த ஆராய்ச்சியில் இருப்பது தெரியவந்தால் சொல்லலாமா?' ஆறு மாதத்துக்கு ஒரு தரம்தான் ஒவ்வொருவரும் வருவார்கள். அதுவரை காத்திருக்க வேண்டும்.

அவள் காத்திருந்தாள். வீட்டில் ஒரு அறையைக் காலி செய்தாள். "நெஞ்சுச் சளி இருந்தாலும் இருக்கும், ஜன்னல் உள்ள ரூம்தான் நல்லது" என்றாள். நோயின் பெயரைச் சொல்லக்கூட அஞ்சுகிறவர்கள் நிறைந்த உலகத்தில், அவள் ஒரு நர்ஸைப் போல அண்ணனின் மாத்திரை நேரங்களை யோசித்துக்கொண்டிருந்தாள். "வந்ததும் முதல்ல உங்களை வம்புக்கு இழுப்பான் பாருங்க. என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்த லட்சணத்தைப் பாருன்னு." அவன் சிரித்து வைப்பான்.

இடையில் காலாண்டு விவரங்கள் வந்தன. பதினெட்டாம் தேதி வருகையின் வரியும் அதில் இருந்தது. கடைசிக் கட்டத்தில் கவுன்சிலர் அக்கா இரண்டு வரி எழுதியிருந்தார். அதைப் படித்ததும் அவன் ஓட்டமாகப் போய் டாக்டரம்மாவிடம் காட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அன்றைக்கே அந்த நபரை முன்கூட்டி வரவழைக்கச் சொல்லி மையத்துக்குத் தகவல் கொடுத்தார். கொடுத்திருந்த தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. அந்த இரண்டு வரிகளைப் பற்றி வீட்டில் அவன் மூச்சு விடவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தானே, வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஆறு மாதம் கழித்து வரவேண்டிய தேதியில் அண்ணன் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, அந்த வரியில் 'நிலை' என்ற கட்டத்தில் ஒரு சொல் மாறியிருந்தது. இறப்பு. காரணம், நுரையீரல் காசநோய். தேதி, ஐந்து வாரத்துக்கு முன். உறவினர் விவரம் இல்லாததால் மருத்துவமனையே அடக்கம் செய்துவிட்டது.

இந்தத் தடவை அவன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இரண்டு மாடியும் இறங்கினான். ஆய்வறைக்குள் போகும்போது செருப்புமேல் மாட்ட வேண்டிய உறையையும் மாட்டவில்லை. டியூப்களைச் சுழற்றும் இயந்திரத்தின் முன்னால் நின்றவள் திரும்பினாள். அவன் செருப்புக் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"இது நிக்க இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றாள். "பாதியில நிறுத்தினா இருபது பேர் ரத்தம் வீணாப்போயிடும். வெளிய இருங்க."

நாலு நிமிஷம் ஆனது. டியூப்களை எடுத்து அடுக்கி, குளிர்பெட்டியில் வைத்து, நேரத்தை எழுதிவிட்டுத்தான் வந்தாள். கட்டடத்துக்குப் பின்னால், காலி வாயு உருளைகள் சாய்த்து வைத்திருக்கும் சுவரோரம் ஒரு சிமெண்டு மேடை உண்டு. அங்கே போய் உட்கார்ந்தார்கள். அவன் சொன்னான். அவள் கையுறையைக் கழற்ற மறந்திருந்தாள். அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெயில் அவர்கள் மடிமேல் வந்து விழுந்து, நகர்ந்து போகும் வரைக்கும் அழுதாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்க கம்ப்யூட்டர்ல அவனைப் பத்தி என்னல்லாம் இருக்கு?" என்றாள்.

"பேரு இல்லை. முகவரி இல்லை."

"இருக்கிறதைச் சொல்லுங்க."

"சொல்லக் கூடாதும்மா."

"சொல்லுங்க."

அவனுக்கு எல்லாம் மனப்பாடம். "உயரம், நூத்தி எழுபத்தி நாலு."

"அப்பா உயரம்."

"எடை, சேரும்போது நாற்பத்தாறு. ஒரு வருஷத்துல அம்பத்திரெண்டு ஆச்சு."

"தேறியிருக்கான்" என்றாள், இப்போதுதான் அந்தச் செய்தி வந்ததைப் போல. "அப்புறம்?"

"தொழில், டிரைவர். லாரி."

"வண்டி ஓட்டக் கத்துக்கிட்டானா! சைக்கிள்லயே என்னைக் கீழ தள்ளினவன். கல்யாணம்?"

"இல்லை."

"சிகரெட்?"

"விட்டாச்சுன்னு இருக்கு."

"பொய் சொல்லியிருப்பான் கடங்காரன்." சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "எப்பத் தெரிஞ்சதாம் நோய்?"

அவன் வருஷத்தைச் சொன்னான். அண்ணன் பையோடு வாசலில் நின்ற வருஷம்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா? அதுக்காகத்தான் துரத்தினாரா?"

"அந்தக் கேள்வி படிவத்துல இல்லைம்மா."

தூரத்தில் யாரோ ஒரு உருளையை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு அவள் கேட்டாள்:

"இன்னும் ஏதாவது இருக்கா?"

இருந்தது. இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவள் நம்புவாள். அவளுக்கும் அவனுக்கும் அதுதான் நல்லது போலத் தோன்றியது. ஒரு தரம் அப்படித் தோன்றித்தான் தரம் போதவில்லை என்று சொன்னான்.

"கடைசியா வந்தப்ப கவுன்சிலர் அக்கா ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. உடம்பு விஷயத்தை வீட்ல யார்கிட்டயாவது சொல்ல விருப்பமான்னு. அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்காங்க. 'தங்கச்சிகிட்ட சொல்லணும். அவ படிச்சவ, பயப்பட மாட்டா. ஆனா எங்கப்பா இருக்கிற வரைக்கும் முடியாது.'"

அவள் அந்த வாக்கியத்தை உதட்டுக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"கடைசியா எப்ப வந்தான்?"

"பதினெட்டாம் தேதி. ஏழு மாசம் முன்னாடி. லிப்ட் வேலை செய்யாத அன்னிக்கு."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"ஒன்பதாம் தேதியே தெரியும்."

"படியில பெட்டியை வாங்கினீங்களே, அப்ப?"

"தெரியும்."

கோபமாக ஏதாவது சொல்லுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். சொல்லியிருந்தால் தேவலை. அவள் கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றி, உள்வெளியாகத் திருப்பி, சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா தப்புச் செய்யலை" என்றாள். "நீங்களும் தப்புச் செய்யலை. அது எனக்குத் தெரியுது. ஆனா இப்ப உங்க முகத்தைப் பார்க்க முடியலைங்க."

எழுந்து நின்றாள். மதிய டியூப்கள் வந்திருக்கும். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு இரண்டடி நடந்தவள், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"இன்னிக்கு நீங்க முன்னாடி போங்க. நான் வருவேன். அண்ணன் மாதிரி வராமலே இருந்துட மாட்டேன், பயப்படாதீங்க. எப்ப வருவேன்னு மட்டும் கேக்காதீங்க."

அவன் முன்னால் போகவில்லை. வேலை முடிந்து வாசலில் நின்றான். ஊழியர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுப் போனார்கள். "என்ன வடிகட்டி, ஐஸ் இன்னும் உருகலையா?" என்று யாரோ வழக்கம்போல் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். அவள் மாடி ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும் அவள் நிழல் கண்ணாடியில் தெரிந்தது. மேலே போய்க் கூப்பிட அவனுக்கு உரிமை இருந்ததா என்று தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தான்.